அடாலிமுமாப் பயோசிமிலர் ஊசி: விலை, பாதுகாப்பு, என் அனுபவம்

முதுகெலும்பையும் இடுப்பு மூட்டுகளையும் இறுக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் நோய்க்காக, இந்தியாவில் தயாராகும் அடாலிமுமாப் பயோசிமிலர் (மூல மருந்தை மிக நெருக்கமாக ஒத்ததாக வேறொரு நிறுவனம் தயாரிக்கும் மருந்து) ஊசியைச் சில ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து நல்ல மருந்து, அதை நம்பலாம். ஆனால் அதன் உண்மையான செலவு எவ்வளவு, அதைத் தொடங்கும் முன் எவையெல்லாம் கட்டாயம் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதை நோயாளிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஏற்பாடு நம்மிடம் மிகக் குறைவு. இடையில் மருத்துவரின் ஒப்புதலோடு ஒரு நிறுவனத்தின் தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவன் என்பதால், இம்மதிப்புரை எந்த ஒரு பிராண்டையும் தூக்கிப் பிடிக்கவோ தாழ்த்தவோ எழுதப்பட்டதல்ல. நான் மருத்துவரும் அல்லன். இந்த ஊசியைத் தொடங்கப் போகிறவர்கள் தம் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நம் உடலில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதம் இந்நோயில் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் மோனோகுளோனல் ஆன்டிபாடி, அதாவது ஒரே இலக்கைப் பிடிக்கும்படி உருவாக்கப்பட்ட எதிர்ப்புப் புரதம்தான் அடாலிமுமாப். 2002 டிசம்பர் கடைசி நாளில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதன் மூல மருந்து ஹ்யூமிரா என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, பிற்காலத்தில் உலகிலேயே அதிகம் விற்கும் மருந்துகளில் ஒன்றாயிற்று. இதை உருவாக்கப் பயன்பட்ட, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களைக் கொண்டு பொருத்தமான புரதத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபேஜ் டிஸ்ப்ளே என்ற தொழில்நுட்பத்தை ஆன்டிபாடிகளுக்குப் பொருத்திக் காட்டிய கிரெகரி வின்டர் 2018-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முடக்குவாதம், சொரியாசிஸ், அதையொட்டிய மூட்டுவாதம், குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோய், கண்ணின் உட்பகுதியில் வரும் யுவைட்டிஸ் அழற்சி எனப் பல நோய்களுக்கும் இதே மருந்து தரப்படுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம். குரோன் நோய்க்கும் சொரியாசிஸுக்கும் தொடக்க அளவு இதைவிட அதிகம் என்பதால், ஒருவருடைய அளவை இன்னொருவர் பார்த்துப் பின்பற்றக் கூடாது.

பாராசிட்டமால் போன்ற சிறு மூலக்கூறு மருந்துகளை வேதியியல் முறைப்படி அச்சுப்பிசகாமல் மறுபடி தயாரித்துவிடலாம். அடாலிமுமாப் அப்படியல்ல. சீன வெள்ளெலியின் முட்டைப்பைச் செல்களை வளர்த்து, அவற்றின் மூலம் சுரக்கவைத்துச் சுத்திகரிக்கப்படும் பெரிய புரதம் அது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் தயாரிப்புகள் மிக நெருக்கமாக ஒத்திருக்கலாமே தவிர, அணுவுக்கு அணு ஒன்றாக இருக்க இயலாது. இந்த ஒப்புமையை ஆய்வகத்திலும் நோயாளிகளிடத்திலும் எப்படி நிறுவ வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 2012-இல் வழிகாட்டு நெறிகள் வந்தன. 2016-இல் அவை திருத்தப்பட்டு, விற்பனைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு ஆய்வு நடத்த வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது. விலை குறைவாக இருக்கிறதே, தரமும் குறைவாகத்தான் இருக்கும் என்று உறவினர்கள் என்னிடம் சொன்னதுண்டு. இந்த மருந்தில் அந்தக் கணக்கு பொருந்தாது. மூல மருந்தின் விலையைப் பெரும்பாலும் காப்புரிமையே தாங்கி நின்றது என்பதற்கு அமெரிக்காவே சான்று. அடிப்படைக் காப்புரிமை 2016-இல் முடிந்த பின்னும், அடுத்தடுத்துப் பெற்ற நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளின் துணையால், 2023 ஜனவரி வரை அங்கே ஒரு பயோசிமிலர்கூடக் கடைக்கு வரவில்லை. ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே போட்டி தொடங்கிவிட்டது. அதையொட்டி, இந்த ஒரே மருந்துக்கு ஆண்டுக்கு 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டுவந்த இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, அதில் 30 கோடி பவுண்டு வரை மிச்சமாகும் என்று அறிவித்தது.

இந்தியா இவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டது. ஸைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் உலகின் முதல் அடாலிமுமாப் பயோசிமிலரை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஒரு ஊசி ஏறத்தாழ 1,000 டாலராக இருந்த காலத்தில் இங்கே அது 200 டாலர், அதாவது சுமார் 12,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு என்று கேட்டால் மலிவாகத் தோன்றும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26 ஊசி. அந்த அறிமுக விலையில் அது 3,12,000 ரூபாய். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் குடும்பத்துக்கு இது தாங்க முடியாத தொகை. பிறகு வேறு பல இந்திய நிறுவனங்களும் இம்மருந்தைக் கொண்டுவந்ததால், இப்போது நோயாளி கையிலிருந்து கொடுக்கும் தொகை கணிசமாகக் குறைந்திருக்கிறது.

குறைந்திருக்கிறது என்றாலும், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பெட்டியைப் பார்த்து அறிய முடியாது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலை ஒன்று, மருத்துவமனை மருந்தகம் கேட்கும் விலை இன்னொன்று, மொத்த மருந்து விற்பனையாளர் தரும் விலை மூன்றாவது, நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டத்தில் சேர்ந்தால் கிடைக்கும் விலை நான்காவது. ஒரே ஊரில், ஒரே மருந்துக்கு, அச்சிட்ட விலையை அப்படியே கேட்ட கடையையும், அதைவிட மிகக் குறைத்துக் கொடுத்த கடையையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு விலை, வலியோடு வந்து கேட்காமல் வாங்கிச் செல்பவருக்கு ஒரு விலை என்பது நியாயமே அல்ல. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்த மருந்துக்கு உதவித் திட்டம் உண்டா, எத்தனை ஊசி வாங்கினால் எத்தனை இலவசம், அத்திட்டம் எவ்வளவு காலம் நீடிக்கும். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தொடக்கத்தில் தரும் சலுகை சில மாதங்களில் முடிந்து, பிறகு முழு விலை கொடுக்க இயலாமல் ஊசியை நிறுத்தியவர்களை மருத்துவமனை வரிசையில் சந்தித்திருக்கிறேன். இடையில் நின்றுபோகும் சிகிச்சையால் நோய் மறுபடி மூள்வதோடு, உடல் இம்மருந்துக்கு எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கிக்கொள்ளவும் வாய்ப்பு கூடுகிறது.

காப்பீட்டைப் பொறுத்தவரை ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. மருத்துவக் காப்பீட்டில் விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சை முறைகளை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் பட்டியலிட்டது. ஊசி வழியாகத் தரப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சை அவற்றுள் ஒன்று. அடாலிமுமாப் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் நடைமுறையில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, பல பாலிசிகள் இந்தச் சிகிச்சைக்குத் தனி உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இரண்டாவது, மருத்துவமனையில் பகல்நேரச் சிகிச்சையாகப் போட்டுக்கொண்டால் கிடைக்கும் தொகை, வீட்டில் நாமே போட்டுக்கொண்டால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வீட்டில் எளிதாகப் போட்டுக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட ஊசிக்காக மருத்துவமனைக் கட்டணமும் சேர்த்துச் செலவிடவைக்கும் இந்த முரண் களையப்பட வேண்டும். என் விண்ணப்பம் முதலில் ஒரே வரியில் நிராகரிக்கப்பட்டது. ஆணையத்தின் பட்டியலைச் சுட்டிக்காட்டி, நோயைக் குறிப்பிட்டு, இம்மருந்து ஏன் தேவை என்று மருத்துவர் எழுதிய கடிதத்தையும் இணைத்து மறுபடி அனுப்பிய பிறகே அதைப் பரிசீலித்தார்கள். அதற்கும் இணங்காத நிறுவனத்தின் மீது சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

இனி பாதுகாப்பு. இம்மருந்தில் மிகப் பெரிய ஆபத்து எது என்று கேட்டால், நம் நாட்டில் அதற்கு ஒரே விடைதான்: காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நோய் அறிகுறி எதுவும் இல்லாமலே கிருமியை உடலில் அடக்கிவைத்திருப்பவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அந்தக் கிருமிகளைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் எழுப்பும் அரண் சிதையாமல் இருக்க டிஎன்எஃப் தேவை. நாம் எந்தப் புரதத்தை ஊசியால் அடக்குகிறோமோ, அதே புரதம்தான் அங்கே காவல் நிற்கிறது. ஆகவே மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைக் காட்டும் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, அத்துடன் மார்பு எக்ஸ்ரே ஆகியவை முடியாமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. மறைந்திருக்கும் தொற்று தெரியவந்தால், தடுப்பு மாத்திரைகளைத் தொடங்கி, பொதுவாகக் குறைந்தது ஒரு மாதமாவது கழித்துத்தான் ஊசியைத் தொடங்குவார்கள். வலியில் துடிப்பவருக்கு அந்த ஒரு மாதம் நீண்டதுதான். எனினும் அதைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டாம். டிஎன்எஃப் தடுப்பு மருந்து தொடங்குபவர்கள், தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் தடுப்புச் சிகிச்சைக்கு உரியவர்களாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதையும், அதற்கான மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம் என்பதையும் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பரிசோதனை சரியாக இருந்தது என்பதோடு கவனம் முடிந்துவிடாது. ஊசி போட்டுவரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, கழுத்தில் கட்டி என எது தோன்றினாலும் உடனே காட்ட வேண்டும். நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய் இம்மருந்து எடுப்பவர்களிடம் அதிகம் காணப்படுவதால், இருமல் இல்லை என்பதே நிம்மதிக்குப் போதுமான காரணம் ஆகாது.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் கட்டாயம். அடங்கியிருக்கும் வைரஸ் மறுபடி தலைதூக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், நரம்புறை சிதையும் நோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காய்ச்சலோ, ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொற்றோ இருக்கும் நாளில், நாள் வந்துவிட்டதே என்று ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்பதே முறை. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி போன்ற செயலிழந்த வகைகளைப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்வது நல்லதும்கூட.

தடுப்பூசி என்றதும், இந்த ஊசியைப் போட்டுவரும் கர்ப்பிணிகளுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இம்மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குள் செல்கிறது. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி. கர்ப்ப காலத்தில் தாய் கடைசியாகப் போட்டுக்கொண்ட ஊசியிலிருந்து 5 மாதம் வரை அத்தகைய தடுப்பூசியைக் குழந்தைக்குப் போட வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்துக் குறிப்பு கூறுகிறது. மூட்டு நோய்க்கு ஒரு மருத்துவர், பிரசவத்துக்கு வேறொரு மருத்துவமனை என்பதுதான் நம் வழக்கம். ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரிவதில்லை. பிறந்த அன்றே செவிலியர் வழக்கம்போல் பிசிஜி போட்டுவிட வாய்ப்புள்ளது. ஆகவே பிரசவப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வெளிச்சம் படாமல் அதன் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். உறைந்துபோனால், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும், அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கதவுத் தட்டில் வெப்பம் ஏறியிறங்கும். உறைபனிப் பகுதியை ஒட்டிய மேல்தட்டில் உறைந்துவிடும். நடுத்தட்டே ஏற்ற இடம். சிறிய வெப்பமானி ஒன்றை அங்கே வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு ஊசியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அறை வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், மின்வெட்டோ பயணமோ நேர்ந்தால் அந்தந்தப் பெட்டியிலுள்ள குறிப்பையே நம்ப வேண்டும். கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை. சித்திரை வெயிலில், சாதாரணப் பிளாஸ்டிக் பையில், நான்கு பனிக்கட்டித் துண்டுகளோடு ஊசியைக் கொடுத்தனுப்ப முயன்ற கடையில் நான் அதை வாங்க மறுத்தேன். ஜெல் பொதியுடன் கூடிய வெப்பக்காப்புப் பெட்டியில் தரும் கடை சற்றுத் தொலைவில் இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஜெல் பொதி ஊசியை நேராகத் தொடாதபடி இடையில் துணியோ அட்டையோ இருக்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொள்வது பயந்த அளவுக்குக் கடினமல்ல. ஒரு செவிலியரின் முன்னிலையில் முதலில் செய்து பழகிக்கொண்டால் போதும். போடுவதற்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு முன் வெளியே எடுத்துவைக்க வேண்டும்; வெந்நீரில் வைத்துச் சூடாக்கவோ குலுக்கவோ கூடாது. திரவம் கலங்கியிருந்தாலும் துகள்கள் மிதந்தாலும் பயன்படுத்தக் கூடாது. தொடையின் முன்பகுதியிலோ, தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வயிற்றிலோ, தோலைச் சற்று மடித்துப் பிடித்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும். சிட்ரேட் உப்பு சேர்ந்த தயாரிப்புகள் உள்ளே செல்லும்போது நன்றாக எரியும், அது இல்லாதவை குறைவாகவே எரியும் என்பதால், வாங்கும்முன் பெட்டியில் உட்பொருள் பட்டியலைப் பார்ப்பது பயன் தரும். போட்ட இடத்தில் சிவந்து அரிப்பது பொதுவானது. சில நாளில் அடங்கிவிடும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு விரைய வேண்டும்.

பலன் எனக்குப் படிப்படியாகத்தான் தெரிந்தது. விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் இறுகிக் கிடக்கும் நேரம் முதலில் குறைந்தது; ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு பிறகு இறங்கியது. பொதுவாக 12 வாரம் கழித்தே பலனை மதிப்பிடுகிறார்கள். அதற்குள் கைவிடுவது, செய்த செலவை வீணாக்குவதாகும். பிராண்டை மாற்றியபோது எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. என் ஒருவனின் அனுபவம் சான்றாகாது. ஆனால் இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் மருந்தில், நார்வே அரசின் நிதியில் 482 பேரிடம் ஓராண்டு நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மூல மருந்திலேயே தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பயோசிமிலருக்கு மாறியவர்களில் 30 சதவீதத்தினருக்கும் நோய் மோசமானது. ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்த 15 சதவீதப் புள்ளி வரம்புக்குள் அந்த வேறுபாடு அடங்கியது. மாறலாம், ஆனால் மருத்துவர் அறிந்து, ஒரு முறை, காரணத்தோடு மாற வேண்டும். கையிருப்பில் இல்லை என்பதற்காக மருந்துக்கடைக்காரர் மாதந்தோறும் மாற்றித் தருவதை ஏற்கக் கூடாது. ஒவ்வொரு ஊசியின் பிராண்டு பெயர், தொகுப்பு எண், போட்ட தேதி, உடலின் எந்தப் பக்கம் என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், ஏதேனும் ஒவ்வாமை வந்தால் எந்தத் தொகுப்பு என்று சொல்ல முடியும்.

நோய் நன்கு அடங்கிய நிலையில், சிலருக்கு ஊசிகளுக்கு இடையிலான காலத்தை மூன்று வாரம், நான்கு வாரம் என்று மருத்துவர்கள் நீட்டித்துப் பார்க்கிறார்கள். செலவைக் குறைக்க இது நேர்மையான வழி. ஆனால் பணமுடை காரணமாக நாமே நீட்டித்துக்கொள்வது வேறு விஷயம். கையில் பணம் இல்லாத மாதத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லத் தயங்க வேண்டாம். அவருக்குத் தெரிந்தால்தான் உதவித் திட்டத்தையோ, மலிவான மாற்று மாத்திரையையோ, அதற்கே உரிய ஆபத்துகளையும் எடைபோட்டு அவரால் பரிந்துரைக்க முடியும்.

நான் வாங்கிய எந்தப் பெட்டியிலும் தமிழில் ஒரு வரிகூட இல்லை. காசநோய் எச்சரிக்கை உட்பட எல்லாம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் இத்தனை கவனம் தேவைப்படும் மருந்தை வீட்டில் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், ஒரு தாளில் அதைத் தமிழில் அச்சிட்டுத் தரக் கடமைப்பட்டவர்கள். உற்பத்தியாளர்களின் உதவி எண்ணை அழைக்கும் ஒவ்வொரு முறையும் நான் இதைக் கேட்டு வருகிறேன், நீங்களும் கேளுங்கள். பக்கவிளைவு ஏற்பட்டால் நிறுவனத்திடம் சொல்வதோடு நிறுத்தாமல், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதிவுசெய்யலாம். அழைக்கும்போது தொகுப்பு எண்ணைக் கையில் வைத்திருங்கள்.